ஏழாம் நம்பர் பாட்டிலில் இரண்டு பேர்

தங்கை: இன்னொரு தடவை எண்ணு.

அண்ணன்: எண்ணியாச்சு. பன்னிரண்டு.

தங்கை: விரலை வெச்சு எண்ணு அண்ணா. நான் பார்க்கிறேன்.

அண்ணன்: முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா நின்னு தலை எண்ணினவன் நான். படிக்கட்டுல தொங்கறவன், சீட்டுக்கு அடியில ஒளியறவன், தூங்கற மாதிரி நடிக்கிறவன்... ஒருத்தனையும் விட்டதில்ல. என்னைப் போய் சூரியகாந்தி நாத்தை விரல் வெச்சு எண்ணச் சொல்றே.

தங்கை: எண்ணு.

அண்ணன்: ஒண்ணு, ரெண்டு, மூணு... இவன் நாலு. நேத்து கொஞ்சம் சோர்ந்து கிடந்தான், இன்னிக்குத் தேறிட்டான் பாரு... அஞ்சு, ஆறு... ஏழு...

தங்கை: ஏன் நிறுத்திட்டே?

அண்ணன்: மூச்சு வாங்குது.

தங்கை: ஏழாம் நம்பர் பாட்டிலுக்குள்ள எத்தனை பேர்?

அண்ணன்: ஒருத்தர்.

தங்கை: கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

அண்ணன்: ஒருத்தரும்... அவர்கூட வந்தவரும்.

தங்கை: ஆக, பதிமூணு.

அண்ணன்: சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே. அவனவன் தோட்டத்துல செடி குறையுதுன்னு தலையில கை வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நம்ம பாத்தியில கூடுது.

தங்கை: நான் போட்டது பன்னிரண்டு விதை. ரெண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. மேலும் கீழும் வெட்டின தண்ணி பாட்டிலை ஒவ்வொண்ணைச் சுத்தியும் நட்டது நீ. நம்பர் எழுதினதும் நீ. பதிமூணாவது ஆள் எங்கேருந்து ஏறினார்?

அண்ணன்: ரெட்டை.

தங்கை: என்னது?

அண்ணன்: ஒரு விதையில ரெண்டு. ரெட்டைப் பிள்ளை. அபூர்வம்தான், ஆனா...

தங்கை: பிரசவ வார்டுல இருபத்தாறு வருஷம் நர்ஸா நின்னவகிட்ட ரெட்டைக் கதை சொல்றே. ரெட்டைன்னா ரெண்டும் ஒரே வயசா இருக்கணும் அண்ணா. இதுல பெரியவனுக்கு ஆறு இலை, சின்னவனுக்கு நாலு.

அண்ணன்: ஒரு பிள்ளை நல்லா சாப்பிடும், ஒரு பிள்ளை சாப்பிடாது. ஏன், நீயும் நானும் ஒரே வீட்டுலதானே...

தங்கை: பேச்சை மாத்தாதே.

அண்ணன்: சரி, இப்படி இருக்கலாம். அணில். எங்கேயோ திருடின விதையை இங்க கொண்டு வந்து புதைச்சிருக்கும். செஞ்ச பாவத்துக்கு மனசு திருந்தி...

தங்கை: எந்த அணில்? நீ விடிகாலையில விசில் ஊதி விரட்டறியே, அதுவா?

அண்ணன்: அதேதான். நீ அதை லேசா நினைக்காதே. வால் மட்டும் விளக்குமாறு கனம் இருக்கு. மதில் மேல உட்கார்ந்துக்கிட்டு என்னை மேலயும் கீழயும் பார்க்குது, நான் ஏதோ அது வீட்டுக்குக் குடி வந்தவன் மாதிரி. நான் ரெண்டு விசில் குடுத்தா எவ்வளவு பெரிய பஸ்ஸும் கிளம்பும். இது அசையல. மூணாவது விசிலுக்குத் தெருமுனை நாய் எழுந்து நின்னுது, பால்காரர் சைக்கிள்ல பிரேக் போட்டார், இது மட்டும் மூக்கைச் சொறிஞ்சுது.

தங்கை: அந்த மூணாவது விசிலுக்குத்தான் மாடி வீட்டுக்காரர் என்கிட்ட வந்து நின்னார். எல்லாம் ஒரு அணிலுக்காகவான்னு கேட்டார்.

அண்ணன்: ஒரு அணிலா. மொத்தப் பட்டாளம். அது தளபதி. நத்தை காலாட்படை. ஓடில்லாத நத்தை வேற இருக்கு, அது ஒற்றர் படை. நேத்து ஒண்ணைப் பலகைக்கு அடியிலேருந்து எடுத்தேன். என் செருப்பு சைஸ்.

தங்கை: என் சுண்டு விரல் அளவு. நானும் பார்த்தேன்.

அண்ணன்: நீ பார்த்தது அதோட பேரன்.

தங்கை: அண்ணா.

அண்ணன்: சொல்லு.

தங்கை: இது என்ன விதைன்னு உனக்குத் தெரியும்.

அண்ணன்: தெரியாம என்ன. உன் வீட்டுக்காரர், நம்ம மாப்பிள்ளை, கண்ணை மூடறதுக்கு முந்தின மாசம் அவர் கையால உதிர்த்தது. பூ செங்கல்லும் தேனும் கலந்த மாதிரி ஒரு நிறம். எந்தக் கடையிலயும் கிடையாது. இதை விட்டா வேற விதை இல்ல. இந்த வருஷம் மண்ணுல போடலைன்னா இனிமே முளைக்குமான்னு சந்தேகம். அதனாலதானே பெட்டியைத் தூக்கிக்கிட்டு இங்க வந்து, மூணு வாரமா வேற நினைப்பே இல்லாம காவல் காக்கறேன். இந்தப் பன்னிரண்டும் பூக்கற வரைக்கும் நான் இந்தப் பாத்தியை விட்டு நகர மாட்டேன். எழுதி வெச்சுக்கோ.

தங்கை: எழுதித்தான் வெச்சிருக்கேன். இந்தா நோட்டு. தினமும் ஸ்கேல் வெச்சு அளந்து குறிக்கிறேன், வார்டுல ஜுரம் குறிச்ச மாதிரி. நாலாம் நம்பர், போன வாரம் செவ்வாய்க்கிழமை எட்டு சென்டிமீட்டர். புதன்கிழமை ஆறு. செடி வளரும், கேள்விப்பட்டிருக்கேன். ஒரே ராத்திரியில குட்டையாகுமா?

அண்ணன்: குளிர் ஜாஸ்தியா இருந்துது. சுருங்கியிருக்கும்.

தங்கை: ஒன்பதாம் நம்பருக்கு ஒரு இலையில ஓட்டை இருந்துது. மறுநாள் ஓட்டையைக் காணோம்.

அண்ணன்: ஆறிப் போச்சு. நல்ல உரம்...

தையல்காரம்மா: சிஸ்டர், கேட்டைத் திறந்துக்கிட்டு வந்துட்டேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசறது என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறி பக்கத்து வீட்டுக்குக் கேக்குது.

தங்கை: வாங்க வாங்க. சரியான நேரத்துக்குத்தான் வந்தீங்க.

அண்ணன்: இல்ல, தப்பான நேரம். சாயங்காலம் வாங்களேன்.

தையல்காரம்மா: நல்லா இருக்கே. அவசரம் அவசரம்னு கழுத்துல உட்கார்ந்து வேலை வாங்கினது நீங்கதானே கண்டக்டர் சார். இந்தாங்க, கேட்ட மாதிரியே பழைய கொசுவலை ரெண்டைச் சேர்த்து கூடாரமா தெச்சிருக்கேன். கிழிசல் எல்லாத்துக்கும் ஒட்டுப் போட்டாச்சு. ஓரத்துல மணல் ரொப்பி மடிச்சுத் தெச்சிருக்கேன், காத்துல தூக்காது, அணில் நுழையாது.

தங்கை: அழகா இருக்கு.

தையல்காரம்மா: இதுக்குள்ள ஒரு கல்யாணமே நடத்தலாம். அப்புறம் சார், வர்ற வழியில நர்சரிக்காரரைப் பார்த்தேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்.

அண்ணன்: உங்க வீட்டுல மெஷின் ஓடிக்கிட்டே இருக்குன்னு நினைக்கிறேன்.

தையல்காரம்மா: நான் மிதிச்சாத்தானே ஓடும். என்ன சொன்னார்னா, சூரியகாந்தி நாத்து வாங்க விடியறதுக்குள்ள வந்து கதவைத் தட்டி, ஒண்ணு குடு, ரெண்டு குடுன்னு கேக்காதீங்களாம். ஒரேயடியா ஒரு தட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுங்களாம். அவருக்கும் தூக்கம்னு ஒண்ணு...

தங்கை: சூரியகாந்தி நாத்தா?

தையல்காரம்மா: நான் ஏதாவது...

தங்கை: ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்சுக்க வேண்டியதைத்தான் சொன்னீங்க.

தையல்காரம்மா: அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன். வரேன் சிஸ்டர்.

அண்ணன்: பால் அடுப்புல இல்ல, நம்ம தலையில ஊத்திட்டுப் போறாங்க.

தங்கை: உட்காரு அண்ணா.

அண்ணன்: நிக்கறேன். நின்னே பழக்கம்.

தங்கை: இந்தப் பதிமூணுல, நான் போட்ட விதையில வந்தது எத்தனை?

அண்ணன்: அது வந்து...

தங்கை: கண்டக்டர் கணக்கு. சரியா சொல்லணும்.

அண்ணன்: ஒண்ணுமில்ல.

தங்கை: ஒண்ணுகூடவா?

அண்ணன்: ஒண்ணுகூட. பன்னிரண்டும் முளைச்சு வந்தது உண்மை. நீயும் பார்த்தே. அன்னிக்கு ராத்திரியே மூணு போச்சு. ஓடில்லாத நத்தை. காலையில மண்ணு மேல வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி தடம், செடி இருந்த இடத்துல மொட்டைக் குச்சி. மறுநாள் பறவைங்க நாலு. விதைத் தோலைத் தொப்பி மாதிரி தலையில வெச்சிக்கிட்டு எட்டிப் பார்த்துதுங்க பாவம், தொப்பியோட பிடுங்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் வெட்டுப்புழு ரெண்டு. அதுமேலதான் எனக்குத் தீராத கோபம். பசிச்சு தின்னாலும் பரவாயில்ல. மண்ணுக்குள்ளேருந்து வந்து, அடியில அறுத்து, அப்படியே சாய்ச்சுப் போட்டுட்டுப் போகுது. கடைசி மூணு அந்த அணில்.

தங்கை: மூணும் நாலும் ஏழு, ரெண்டு ஒன்பது, மூணு பன்னிரண்டு.

அண்ணன்: கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆள்தான் சரியில்ல.

தங்கை: போன இடத்துல எல்லாம் நர்சரி நாத்தை நட்டே.

அண்ணன்: நீ எழுந்து வர்றதுக்குள்ள. நட்டதும் சும்மா இருக்கல, அதுலயும் சிலது போச்சு, மறுபடியும் ஓடினேன். அந்த நர்சரிக்காரர் என்னைப் பார்த்ததும் பேசறதை விட்டுட்டார். விரலைக் காட்டி எத்தனைன்னு கேப்பார், அவ்வளவுதான்.

தங்கை: இந்தப் பதிமூணாவது?

அண்ணன்: இன்னிக்குக் காலையில ஏழாம் நம்பர் பாட்டில் சாஞ்சு கிடந்துது. செடியைக் காணோம். சரி, போச்சுன்னு கைவசம் இருந்ததை நட்டேன். அவன் போகல, மண்ணுக்குள்ள படுத்திருந்திருக்கான். வெயில் பட்டதும் எழுந்து நின்னுட்டான்.

தங்கை: பூக்கும்போது கடைச் செடி மஞ்சளாத்தானே பூக்கும். அப்ப என்ன பண்றதா இருந்தே?

அண்ணன்: பெயின்ட் அடிக்கிறதா இருந்தேன்.

தங்கை: விளையாடாதே.

அண்ணன்: விளையாட்டுக்குச் சொல்லல. செங்கல் நிறத்துல ஒரு டப்பா வாங்கி வெச்சிருக்கேன்.

தங்கை: எதுக்கு அண்ணா இவ்வளவு?

அண்ணன்: எதுக்குன்னு கேக்கறே. மாப்பிள்ளை போனதுலேருந்து ஒரு வருஷம், போன்ல நீ ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல. வெளிச்சம் படறதுக்கு முன்னாடி திரையை இழுத்து விட்டுடுவே. இந்த விதையைப் போட்டதுலேருந்துதான் விடிஞ்சதும் எழுந்து வாசலுக்கு வர்றே, காப்பி ஆறறதுக்குள்ள குடிக்கிறே, என்னைத் திட்டறே. முதல் நாள் மூணு செடி போனதைப் பார்த்ததும் நேரா நர்சரிக்கு ஓடினேன். உன்கிட்ட சொல்ல... வாய் வரல. முப்பத்தஞ்சு வருஷம் வாயால பிழைச்சவனுக்கு வாய் வரல.

தங்கை: ம்.

அண்ணன்: திட்டு.

தங்கை: கடைசியா ஒரு செடி எப்ப போச்சு?

அண்ணன்: போன வியாழக்கிழமை. ஏன்?

தங்கை: இன்னிக்கு புதன். ஆறு ராத்திரி ஒண்ணுகூட போகல. என்ன மாத்தினே?

அண்ணன்: இப்ப அதுவா முக்கியம்?

தங்கை: கேட்டதுக்குப் பதில் சொல்லு. சாம்பல்?

அண்ணன்: சுத்திப் போட்டேன். ஒரு தூறலுக்குத் தாங்கல. விட்டுட்டேன்.

தங்கை: முட்டை ஓடு?

அண்ணன்: பேச்சுதான் பெருசு. நத்தை அது மேல மெத்தையில நடக்கற மாதிரி நடந்து போகுது.

தங்கை: பின்ன எதுதான் வேலை செஞ்சுது?

அண்ணன்: தனியா எதுவும் செய்யல. எல்லாம் சேர்ந்து செஞ்சுது. பாட்டிலை மண்ணு மேல வெச்சா போதாது, ரெண்டு விரல்கடை உள்ள அமுக்கணும். அப்பதான் வெட்டுப்புழு முட்டிக்கிட்டுத் திரும்பும். அமுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற மண்ணைக் கிளறி, ஏற்கெனவே படுத்திருக்கானான்னு பார்க்கணும். மேல்பக்கம் திறந்தே இருக்கணும், மூடினா செடி வெந்துடும். தண்ணி காலையிலதான். சாயங்காலம் ஊத்தினா நத்தைக்குச் சாலை போட்டுக் குடுத்த மாதிரி. பாத்தி ஓரத்துல பழைய பலகை. ராத்திரி மேய்ஞ்சதெல்லாம் பகல்ல அதுக்கு அடியில போய்த்தான் படுக்கும், விடிஞ்சதும் புரட்டி எடுத்துடலாம். எல்லாத்துக்கும் மேல வலை, ஒரு விரல் சந்துகூட விடாம. இந்தக் கூடாரம் வர்ற வரைக்கும் என் பழைய வேட்டியை விரிச்சுச் சமாளிச்சேன்.

தங்கை: விதை போட்ட அன்னிக்கே வலை வேணுமா, முளைச்ச பிறகு போதுமா?

அண்ணன்: போட்ட நிமிஷமே. எலியும் அணிலும் விதையையே தோண்டிடும். நாலு இலை முத்தற வரைக்கும் ஒரு நாள்கூட அசரக் கூடாது. அது வரைக்கும்தான் பயம். அப்புறம் அதுவே தன்னைப் பார்த்துக்கும்.

தங்கை: நல்லது.

அண்ணன்: என்ன நல்லது? மாப்பிள்ளையோட கடைசி விதை பன்னிரண்டையும் வாரிக் குடுத்துட்டு நிக்கறேன். நீ பரீட்சை வெச்சு மார்க் போட்டுக்கிட்டு இருக்கே. அழல, கத்தல, கையில கிடைச்சதைத் தூக்கி என் மேல வீசல. எனக்கு அந்த அணிலைப் பார்த்துக்கூட இவ்வளவு பயம் வந்ததில்ல. ஏன் இப்படி அமைதியா இருக்கே?

தங்கை: நர்ஸிங் படிக்கப் போன புதுசுல எங்களை நேரா ஆள்கிட்ட விடல அண்ணா. கையில ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழத்தைக் குடுத்து, முதல்ல இதுல ஊசி குத்திப் பழகுங்கன்னாங்க. நான் இந்தப் பாத்தியில போட்டது கிளிக்கு வாங்கிப் போடற கடை விதை. அவரோட பன்னிரண்டும் அவர் மடிச்ச பொட்டலத்துலயே பீரோவுக்குள்ள இருக்கு. அதை எடுத்து மண்ணுல வைக்க எனக்குத்தான் கை வரல... போ, அந்தப் பதிமூணையும் பிடுங்கி மதில் ஓரமா நட்டுட்டு, பாட்டிலை எல்லாம் ரெண்டு விரல்கடை அமுக்கி வை. நான் பொட்டலத்தை எடுத்துக்கிட்டு வரேன்.