படிக்கட்டு வராத பிரிண்ட்

இப்படி வந்து உட்காருங்கள் வக்கீல் சார், ஃபேன் காற்று இந்தப் பக்கம்தான் வரும். ஜன்னலைச் சாத்திவிடுகிறேன், காந்திபுரத்து பஸ்காரர்களுக்கு ஹாரனில் இருந்து கையை எடுக்கத் தெரியாது.

ஆனைமலையில் நஞ்சப்பன் ஐயா கட்டிய மாடி வீட்டுக்குப் படிக்கட்டே இல்லாமல் போனது என்னோடு படம் வரைகிற தல்ஹாவின் தப்புதானா என்று கேட்கிறீர்கள். அவன் வேலை போவதும் நிலைப்பதும் என் பதிலில் இருக்கிறது என்று கயல்விழி மேடமும் சொல்லிவிட்டார். அவர்தான் இந்த ஆபீசின் ஆர்க்கிடெக்ட், எங்கள் முதலாளி. நான் இங்கே பதினாறு வருஷமாகக் கணினியில் வீட்டுப் படம் வரைகிறேன்.

படத்தில் சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர், படிக்கட்டு ஒரு லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி. எந்த லேயருக்கு என்ன பெயர் என்று முடிவு செய்தவள் நான். வேறு பெயர் வைத்தால் திரையில் தெரியும், பிரிண்டில் வராது. அப்படி செட் பண்ணியதும் நான்தான். ஒழுங்கு வேண்டாமா சார்?

தல்ஹா வந்த புதிதில் அவன் லேயர்களின் பெயர்களைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. 'புதுசு', 'சும்மா', 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி'. கேட்டால் சிரிப்பான்.

"கிருபாக்கா, நமக்குப் புரிஞ்சா போதாதுங்களா?"

போதாது என்று தினமும் சொன்னேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பிரியாணி கொண்டு வந்தால் முதல் கரண்டி எனக்குத்தான் வைப்பான்.

ஆனைமலை படத்தை மேடம் திரையில் பார்த்து ஓகே சொன்னார். பிரிண்ட் எடுத்து அனுப்பியது நான். அதில் படிக்கட்டு இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன்.

யாராவது கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். நம் ஊர்க்காரர்களின் மரியாதையை நான் கணக்கில் எடுக்கவில்லை. மேஸ்திரி சீனிவாசலு, "வெளிய இரும்புப்படி வெப்பாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க" என்றார். நஞ்சப்பன் ஐயாவோ, "படிச்சவங்க ஏதோ ரோசனையோடதான் பண்ணுவாங்கன்னு உட்டுப்போட்டேனுங்க" என்றார். சாரம் நின்றவரை எல்லோரும் அதில் ஏறி இறங்கினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாரத்தைப் பிரித்தார்கள்.

மறுநாள் ஐயாவின் மனைவி வள்ளியாத்தாள் அம்மா குத்துவிளக்கோடு கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, மேல எப்படிங்க போறது?"

தோப்பிலிருந்து தேங்காய் பறிக்கிற ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். பட்டுச்சேலைக்காரிகள் ஒவ்வொருவராக ஏறினார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயா வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்கு வருத்தப்பட்டேன். ஏணியை நன்றாகப் பிடித்திருக்கலாம்.

தல்ஹா எப்போதும் போலத் தப்பான பெயர் வைத்தானா என்கிறீர்கள். இல்லை சார். அந்தப் படத்தில் அவன் ஒரு பெயர்கூடத் தப்பாக வைக்கவில்லை. சுவர், கதவு, படிக்கட்டு எல்லாமே நான் சொல்லிக்கொடுத்த பெயர்தான். மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

"கிருபா கண்ணு, இனி எல்லாப் படத்தையும் தல்ஹாவே பாத்துக்கட்டும். அவனுக்குத்தான் எல்லாம் பழகிப்போச்சே. நீ எதுக்குக் கஷ்டப்படற?"

அன்றைக்கு அவன் தொழுகைக்குப் போன நேரத்தில் அவன் கணினியில் உட்கார்ந்தேன். படிக்கட்டு லேயரின் பெயரை 'சும்மா' என்று மாற்றினேன். அவன் வழக்கமாக வைக்கிற பெயர்தானே. ஒரு தப்பும் நடக்காத ஆபீசில் ஒழுங்கின் அருமை யாருக்குத் தெரியும்?

எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் மாற்றியது ஒரு பெயரை மட்டும்தான். ஐயா வீட்டை நான் தொடவே இல்லை.