தூக்கிட்டு வந்த கதை

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர். மூத்தவர் மடியில் வெல்லப் பொட்டலம், இளையவள் கையில் செல்போன்.

“அக்கா, ஜீப்புல வந்து ஒரு பொண்ணக் கடத்திட்டானுகளாம்.”

“எங்க வீட்டுக்காரரும் என்னைய ஜீப்புலதான் தூக்கிட்டு வந்தாரு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“ஒங்களுக்கும் இஷ்டந்தானே?”

“முன்னப்பின்ன பாத்ததே இல்ல புள்ள. வாயில துணிய வச்சு அமுக்கிட்டாங்க. எஸ்டேட் லயத்து வீட்டுல எறக்குன ஒடனே தாலியக் கட்டிட்டாரு. எங்கப்பா தேடி வந்தாரு. கழுத்தப் பாத்தாரு. கட்டஞ்சாயாவக் குடிச்சிட்டுப் போயிட்டாரு.”



“அப்ப அதுவும் கடத்துனதுதானேக்கா?”

“சீ, வாயக் கழுவு. தாலி கட்டுன மனுசன் கடத்துனவரா? தூக்கிட்டு வந்தாருன்னுதான் லயமே சொல்லும்.”

“சரி, நாளைக்கு ஒங்க மகள ஒருத்தன் அப்பிடித் தூக்கிட்டுப் போயித் தாலி கட்டுனா?”

“எம் மகளையா? கடத்திட்டான்னு அன்னைக்கே போலீசுல போயி…”

வெல்லப் பொட்டலத்தின் சணல் முடிச்சை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். மூணாறு வரும்வரை அதையேதான் செய்துகொண்டிருந்தார்.