பிறகு நினைவூட்டு

முனிராஜின் கம்ப்யூட்டரில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, மேடம். அவசரமில்லை, சுற்றட்டும். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான்.

பெயர் அலர்மேல்மங்கை. வீட்டில் அலமு. வயது ஐம்பத்து மூன்று, சாஃப்ட்வேர் வேலை. காக்ஸ் டவுன் வீட்டில் கணவர் ப்ரஹ்லாத், நான், போன வெள்ளிக்கிழமை வரை என் மாமனார் அனந்தபத்மநாபன். முனிராஜ் கன்னடத்திலேயே டைப் செய்யட்டும். எனக்கு வாசிக்கத் தெரியும். நீங்கள் ஒசூர்ப் பக்கம் என்று சொன்னதால்தான் தமிழில் பேசுகிறேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாளே லட்சுமம்மா, அவளுக்காக வந்தேன். மாமனாரைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அவரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள் என்று என் கணவர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். இரண்டும் தப்பு. பிழையைக் கொண்டுபோய் வேறொருவர் தலையில் கட்டுவது என் தொழிலில் பெரிய அசிங்கம். இத்தனை வருஷத்தில் நான் அதைச் செய்ததில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். எலெக்ட்ரானிக் சிட்டியில் சின்ன கம்பெனி. நாங்கள் எழுதுகிற புரோகிராம் மூன்று வகைக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும். முதலாவது, இதோ உங்கள் மேசையில் இருக்கிற மாதிரி, எல்லார் வீட்டிலும் இருப்பது. அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அப்டேட் போட்டுக்கொள்ளும், நாம் நடு வேலையில் இருந்தாலும் சரி. இரண்டாவது விலை அதிகம், பார்க்க லட்சணம். நான் எழுதிய புரோகிராமை நானே திறந்தால், இதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை என்று என்னிடமே சொல்லும். மூன்றாவது இலவசம். எல்லாம் உன் இஷ்டம் என்று விட்டுவிடும். ஒரு நாள் திடீரென்று சத்தம் வராது. இணையத்தில் போய்க் கேட்டால் யாரோ ஒரு புண்ணியவான், எனக்கு வருகிறதே என்று பதில் போட்டிருப்பான். ஒன்றில் ஒட்டினால் இன்னொன்றில் பிய்யும். என் மேனேஜர் ரித்விக், என் பிள்ளை வயசு, அவனிடம் சொன்னால், "மேம், என் லேப்டாப்ல நல்லா ஓடுதே" என்பான்.

இவற்றைத் திட்டியும் பிரயோஜனமில்லை. திட்டு வாங்கிக்கொள்ள உள்ளே ஆளில்லை. அதுதான் மனுஷியை அரிக்கும்.

பார்த்தீர்களா, முனிராஜின் திரை ஓரத்தில் அந்தப் பெட்டி வந்துவிட்டது. 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்துங்கள் முனிராஜ். அவ்வளவுதான்.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நுரையீரலும் பலவீனம். ஆக்ஸிஜன் மெஷினிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். தலையைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் அது நழுவும். ஒற்றைக் கையால் எடுத்து மாட்டிக்கொள்ள அவரால் முடியாது. ஆஸ்பத்திரியில் விரலில் ஒரு கிளிப் கொடுத்தார்கள். அதை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்து நான் ஒரு புரோகிராம் எழுதினேன். ஆக்ஸிஜன் இறங்கினால் வீடே அதிர அலறும், யாராவது ஓடிப்போய்க் குழாயை மாட்டுவோம். வருகிறவர்களுக்கெல்லாம் ப்ரஹ்லாத் அதைக் காட்டிப் பெருமைப்படுவார். அது வந்த பிறகு யாரும் மாமனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. அலாரம் இருக்கிறதே.

அந்தக் கம்ப்யூட்டரிலும் இதே பெட்டி தினமும் வரும். இப்போது ரீஸ்டார்ட் செய்யவா, பிறகா என்று. ரீஸ்டார்ட் ஆகி முடிகிற வரை அலாரம் செத்துக் கிடக்கும். அதனால் தினமும் நானே போய்ப் 'பிறகு' என்று அழுத்துவேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன். அந்தப் பெட்டியே வராமல் செய்ய முடியாதா என்று முனிராஜ் கேட்கிறார். முடியும். எனக்குத் தெரியும். செய்யவில்லை.

அப்பா, மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவேன், கெட்டவர் இல்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர், ஒரு நாள்கூட என்னை அதட்டியதில்லை. கூப்பிடுவார், அவ்வளவுதான். "அலமு, ஸ்வல்ப வாம்மா." போனால், ஃபேனைக் குறைக்கச் சொல்வார். நாற்காலியில் வந்து உட்காருவதற்குள் அதையே கூட்டச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் கேட்பார்: "தொந்தரவு பண்றேனோ?"

"இல்லப்பா."

எங்கள் தொழிலில் சில பெட்டிகள் உண்டு மேடம். கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான்தான். அதை அழுத்தாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது. அவர் கேட்டதும் அப்படித்தான். நானும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாடிக்கையாளருக்கு எங்கள் புரோகிராமைக் காட்ட வேண்டும். முதல் நாள் வந்த அப்டேட்டில் மூன்றாவது வகையில் அது திறக்கவே இல்லை. காலையிலிருந்து வீட்டில் என் லேப்டாப்பில் தேடுகிறேன். ரித்விக் போன் மேல் போன். பிழையின் நுனி கைக்கு வரும், அப்பா கூப்பிடுவார். போர்வை. மறுபடி நுனி வரும். ஜன்னல். தொந்தரவு பண்றேனோ. இல்லப்பா. திரும்பி வந்தால் நுனி போயிருக்கும்.

அப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் பெட்டி வந்தது.

நான் முதலில் என் வேலையை எல்லாம் சேமித்தேன். பிறகு லட்சுமம்மாவைக் கூப்பிட்டு, மகள் வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டு வா என்றேன். அவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "ஐயா மூஞ்சி இன்னிக்கு சரியா இல்லக்கா. நான் அப்பறமா துன்றேன்" என்றாள்.

"அலாரம் இருக்கு இல்ல. போ" என்றேன்.

போனாள். உங்களிடம் அவள், தானாகவே போனதாகச் சொல்லியிருக்கிறாளாம். என்மேல் பழி வரக் கூடாது என்று நினைத்திருப்பாள். நல்ல பெண்.

பிறகு 'இப்போது' என்பதை அழுத்தினேன்.

திரையில் சதவீதம் ஏறத் தொடங்கியது. கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டுகிற சத்தம். இடது கை நன்றாகத்தான் இருந்தது அவருக்கு. "அலமு" என்றார். பிறகு, "அலமு, வாம்மா." வழக்கமாகக் கேட்கிற அந்தக் கேள்வியை அன்று கேட்கவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ.

தட்டுவது நின்றது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வீட்டில் அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில் எனக்குப் பிழை தெரிந்துவிட்டது மேடம். ஒரு வரி இடம் மாறியிருந்தது. அவ்வளவுதான், காலையெல்லாம் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. மாற்றினேன். மூன்றிலும் ஓடியது. ரித்விக்குக்கு அனுப்பினேன், அவன் கட்டை விரலை உயர்த்தி ஒரு படம் போட்டான்.

அப்டேட் முடிந்து வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்தது. எழுந்ததும் என் புரோகிராம் தானாகத் தொடங்கி வீடே அதிர அலறியது. அதில் ஒரு குறையும் இல்லை. லட்சுமம்மா தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

என்ன ஆயிற்று முனிராஜ்? ஓ. திரை நீலமாகி அப்டேட் தொடங்கிவிட்டதா. நீங்கள் எதையும் அழுத்தவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தானாகவே போய்விட்டது. இதுவரை டைப் செய்ததைச் சேமித்தீர்களா? இல்லையா. முகம் வாடாதீர்கள், பரவாயில்லை. மேடம், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். இது மெஷின் செய்தது. என் வீட்டில் நடந்தது அப்படியில்லை, அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

திரும்ப வந்ததும் சுருக்கமாகச் சொல்கிறேன், டைப் செய்துகொள்ளட்டும். குழாய் நழுவும் என்று எனக்குத் தெரியும். அலாரத்தை நான்தான் நிறுத்தினேன், லட்சுமம்மாவை நான்தான் அனுப்பினேன். அவர் கூப்பிட்டது கேட்டது. ஏழெட்டு அடி தூரம். நான் போகவில்லை.

வேண்டாம் முனிராஜ், பட்டனில் கை வைக்காதீர்கள். நடுவில் அணைத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

வெளியே லட்சுமம்மா என்னைக் கூப்பிடுகிறாள் போலிருக்கிறது. ஆமாம், அவள் குரல்தான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பாவம். கேட்கிறது, மேடம். நீங்களும் உட்காருங்கள். இது முதலில் முடியட்டும்.