கோந்து இன்னும் பழகவில்லை

— என்னங்க, கோந்தோட பேட் தீர்ந்துபோச்சு. கீழே போறப்ப ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க.

— பால்கனியில நாய்க்கு விரிக்கிற பேடா? பாக்கெட்ல இருந்த ஐம்பதுமா?

— ஐம்பதும்தான். அதுக்கென்ன இப்போ?

— ஒண்ணுமில்ல. இந்த நாய் ஒரு தடவைகூட அதுல ஒண்ணுக்குப் போகல, இன்னும் பழகவே இல்லைன்னு நேத்துகூட மூக்கால அழுதியே. போகாத நாய்க்கு ஐம்பது எப்படித் தீரும்?

— கடிச்சுக் கிழிச்சுப் போட்டுடுச்சு.

— ஐம்பதையும்?

— ஒரு இருபது இருக்கும். மீதியை நான் அடுப்பு மேடை துடைக்க எடுத்துக்கிட்டேன். நல்லா ஈரம் இழுக்குது.

— நாய் பேடை வெச்சு அடுப்பு மேடையா? ஆகட்டும். சொல்லிட்டுச் செஞ்சிருந்தா ரெண்டு நாள் வெளியில சாப்பிட்டிருப்பேன்.

— புதுசுதானே எடுத்தேன்.

— இங்க பாரு. முப்பத்தோரு வருஷம் பஸ்ல டிக்கெட் செக் பண்ணினவன் நான். டிக்கெட் எடுக்காதவன் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான். நீ இப்ப பால்கனிப் பக்கம் திரும்பிக்கிட்டிருக்கே.

— துணி காய்ஞ்சிருக்கான்னு பார்த்தேன்.

— இன்னிக்கு நீ துணியே துவைக்கல.

— ரிட்டயர் ஆனப்புறமும் இந்த விசாரணை போகல உங்களை விட்டு.

— மக இதை நம்மகிட்ட விட்டுட்டு வேலைக்கு ஊர் மாறிப் போறப்ப உன்கிட்ட என்ன சொன்னா?

— அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கு, மூணு மாடி இறங்க வேண்டாம், நாயைப் பேட்லயே பழக்கிடும்மான்னு சொன்னா.

— பழக்கினியா?

— பழக்கினேன்.

— எப்போ பழகுச்சு?

— அஞ்சாம் நாளே.

— அடிப்பாவி. அப்போ தினம் காலையில நான் மூச்சு வாங்க இறங்கிப்போய், மரத்துக்கு மரம் நின்னு, போடா ராஜா போடான்னு கெஞ்சினது?

— நீங்க குளிக்கிறப்பவே அது பேட்ல போயிடும். சட்டுனு சுருட்டி மறைச்சுட்டு, நீங்க வந்ததும் பாவம் அடக்கிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லுவேன்.

— அதுவும் என்னைப் பாவமாப் பார்க்கும்.

— அதுக்கு ஊர் சுத்தணும். சொல்லியா கொடுக்கணும்?

— ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. ஏன் இப்படிப் பண்ணினே?

— கோவிச்சுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்பது நாள் அந்த நாற்காலியை விட்டு நகரல நீங்க. மெதுவா படி இறங்கலாம், நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் எவ்வளவு கெஞ்சினேன். வாசலைத் தாண்டினா நெஞ்சு நின்னுடும்னு உட்கார்ந்தே இருந்தீங்க. உட்கார்ந்தே போயிடுவீங்களோன்னு எனக்குப் பயம். நான் சொல்லிக் கேட்காத மனுஷன், ஒரு வாயில்லா ஜீவன் தவிக்குதுன்னதும் செருப்பை மாட்டினீங்க.

— ஆகட்டும். இந்த வீட்டுக் குப்பைப் பையை தினம் கீழே கொண்டுபோறது யாரு?

— நீங்கதான்.

— பேப்பர்ல சுத்தி அடியில ஒளிச்சுட்டா தெரியாதா? அந்தக் கனமும் நாத்தமும் மூணு மாடியும் என்கூடவே இறங்கி வருது. ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுமா இத்தனை நாள் போனீங்க?

— போனேன்.

— டிக்கெட் இல்லாதவளை அன்னைக்கே இறக்கி விட்டிருக்கலாமே. ஏன் விட்டீங்க?

— நான் நடக்க ஆரம்பிச்சப்புறம்தானே, ராத்திரி எழுந்து எழுந்து என் மூக்குக்கிட்ட கை வெச்சுப் பார்க்கிறதை நீ நிறுத்தினே.