முப்பத்தெட்டு கிலோ

பெயர்: சூராகான் எசென்கூலோவா. வயது: 53. தொழில்: மருந்தாளுநர். முகவரி: 11, பள்ளிக்கூடத் தெரு, சாரி-புலாக், நாரின் மாகாணம், கிர்கிஸ்தான். பதிவு செய்த நாள்: 2019 மே 15, முற்பகல் 10.20. பதிவு செய்தவர்: விசாரணை அதிகாரி லெப்டினன்ட் எர்மெக்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மகளுடன் குடியிருந்து வருகிறேன். கடைவீதி மருந்துக் கடையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இடையில் ஆறு ஆண்டுகள் செவிலியர் பள்ளியில் மருந்தளவுக் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

மனைவியைக் கொன்றதாகக் காவலில் இருக்கும் கசிபெக் ஜுமாலீவை எனக்குத் தெரியும். ஆடு மேய்ப்பவர். நாற்பது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் வீடு. அவர் மனைவி அனிபாவுக்குக் கருப்பையில் புற்றுநோய் முற்றி, பிப்ரவரியில் பிஷ்கெக் கொண்டுபோய், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மே 3 வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு கசிபெக் எங்கள் ஊர் டாக்டர் எழுதிய மார்ஃபின் சீட்டுடன் கடைக்கு வந்தார். சீட்டில் முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருந்தன. ஒரு வேளைக்கு அறுபது மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இருந்தது. புதிதாகத் தொடங்கும் நோயாளிக்கு ஐந்து கொடுப்போம், மிஞ்சினால் பத்து. நோயாளி அட்டையைப் புரட்டி எடையைப் பார்த்தேன். முப்பத்தெட்டு கிலோ. என் கடையில் அந்தப் பெயருக்கு அதுவரை மார்ஃபின் கொடுத்ததில்லை.

"தம்பி, இது தப்பா எழுதின மாதிரி இருக்கு" என்றேன்.

"தப்பில்லக்கா. அங்க இதத்தான் கொடுத்தாங்க. மொதல்ல கொஞ்சமா ஆரம்பிச்சு, ஏத்தி ஏத்தி இங்க வந்து நிக்குது."

"அங்க கொடுத்த காகிதம் எங்க?"

"டாக்டர் வாங்கி வெச்சுக்கிட்டாரு."

"காலி மாத்திரை அட்டையாவது இருக்கா?"

"அடுப்புல போட்டுட்டேன். அதுக்கும் கேள்வி வரும்னு யாருக்குத் தெரியும்?"

டாக்டருக்கு போன் செய்தேன். தலாஸில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமையும் விடுமுறை. சந்தேகம் இருந்தால் கொடுக்கக் கூடாது என்பது விதி.

"அவர் சொல்லாம நான் கொடுக்க முடியாது. இந்த அளவுக்கு மூச்சு நின்னுடும்" என்றேன்.

"நிக்காதுக்கா, அவளுக்குப் பழகிப்போச்சு. வீட்ல ஒரு வேளைக்குத்தான் இருக்கு. எட்டு மணிக்கு அதையும் கொடுத்துடுவேன். அவ செத்துருவாளோன்னு நீங்க பயப்படுறீங்க. நான் ராத்திரி பன்னெண்டு மணிய நெனச்சுப் பயப்படுறேன்."

உடம்பு மருந்துக்குப் பழகும், பழகிய உடம்புக்கு அளவு வேறு என்று நானே ஆறு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். ஆடு மேய்ப்பவர் ஒருவர் அதையே சொன்னபோது கெஞ்சுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மாத்திரை என் முதுகுக்குப் பின்னால் பெட்டகத்தில் இருந்தது. சாவி என் கழுத்தில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. அவர் சண்டை போடவில்லை. எனக்கென்று கொண்டுவந்திருந்த காய்ந்த தயிர் உருண்டைகளை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சனிக்கிழமை எட்டு தடவை டாக்டருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

அதன் பிறகு மே 5 ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணியளவில் நான் வீட்டில் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கசிபெக் என் கைபேசிக்கு அழைத்தார்.

"அக்கா, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. ஒரு ஆடு. வலி தாங்கல. மயக்க ஊசி மருந்து குப்பி ஒண்ணு இருக்கு. எவ்வளவு போடணும்?"

"கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க தம்பி."

"அவரு மந்தையோட மேல போயிட்டாரு. அங்க சிக்னல் கெடயாது."

"எடை எவ்வளவு?"

"முப்பத்தெட்டு கிலோ."

எங்கள் பக்கத்தில் ஆட்டின் எடையை யாரும் கிலோவில் இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை. முதுகைத் தடவிப் பார்த்து உத்தேசமாகச் சொல்வார்கள். குப்பியில் ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்போது அவர் அருகில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. விட்டுவிட்டு வந்தது. ஆடு அப்படி மூச்சுவிடாது. நான் மாவுக் கையோடு மேசையில் விரலால் எழுதி, எடையை ஒரு கிலோவுக்கான அளவால் பெருக்கி, மருந்தின் வீரியத்தால் வகுத்து, வந்த விடையைச் சொல்லாமல் அதில் பாதியைச் சொன்னேன். ஆடாக இருந்தால் அதைப் பாதியாக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மருந்து மனித உடம்பில் எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் எண்ணை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு, "சரிக்கா" என்று போனை வைத்தார்.

அனிபா அன்று மாலை ஐந்து மணிக்கு இறந்துபோனதாக மறுநாள் தெரிந்துகொண்டேன். அதே திங்கட்கிழமை பிற்பகலில் டாக்டர் அழைத்தார். "அளவு சரிதான் சூராகான். ஆறு வாரமா அதைத்தான் சாப்பிட்டுக்கிட்டிருந்தா. ஏன் கொடுக்கல?" என்று கேட்டார்.

மே 7 அன்று துக்கத்துக்குப் போனேன். முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கசிபெக் துக்க வழக்கப்படி கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குதிரை கட்டும் இடத்துக்குத் தனியாக அழைத்துப்போனார்.

"மூணு மணி நேரம் தூங்கினாக்கா. மொகத்துல சுருக்கமே இல்ல. எந்திரிச்சதும் டீ கொடுக்கணும்னு கெட்டில அடுப்புல வெச்சிருந்தேன்" என்றார். பிறகு, "அவ அண்ணன் கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போறான். நீங்க இதுல இல்ல. வாயத் தொறக்காதீங்க" என்றார்.

அதன்படி எட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்குப் போய் வந்தேன். மார்ஃபின் இரத்தத்தில் சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கடைசி மாத்திரை என்றால், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கடை திறந்தபோது அவள் உடம்பில் பதினாறில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். அன்று இரவு எட்டு மணிக்கு இருநூற்றைம்பத்தாறில் ஒன்று. ஞாயிறு ஒரு மணிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இந்தக் கணக்கைச் செய்தித்தாள் ஓரங்களில் எழுதி வைக்கிறேன் என்று என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கடையில் யாராவது வலி என்று வந்து நின்றால், அவர்கள் பேசுவதற்கு முன்பே அந்த மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

கசிபெக் யாரையும் கேட்காமல் தானே அளவை ஊகித்து ஊசி போட்டதாக உங்களிடம் கூறியிருப்பதாக நேற்று கேள்விப்பட்டேன். அது உண்மையல்ல. அவர் கேட்டார். நான் சொன்னேன். என் கைபேசியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மேலே எழுதியதை அதிகாரி எனக்கு நிதானமாகப் படித்துக்காட்டினார். ஞாயிற்றுக்கிழமை அழைப்பைப் பற்றிய பத்தியில், "ஆட்டுக்குத்தான் கேட்கிறார் என்று நம்பி" என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அடிக்கச் சொன்னேன்.

"நல்லா யோசிச்சீங்களா அக்கா? இது அப்படியே இருந்தா உங்க உரிமத்துக்குக்கூட ஒண்ணும் ஆகாது. அடிச்சா நீங்களும் உள்ள போகணும்" என்று அதிகாரி கேட்டார்.

யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னேன். அந்த வரி அடிக்கப்பட்டு, அதன் மேல் "அனிபாவுக்கு என்று தெரிந்தே" என என் கையாலேயே எழுதி, ஓரத்தில் ஒப்பமிட்டுள்ளேன்.

எவர் தூண்டுதலும் மிரட்டலும் இன்றி, சுயநினைவோடு நான் சொன்னவை இவை. திருத்திய வரி உட்பட அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
சூராகான் எசென்கூலோவா