படங்கள் இருந்த இடம்

கங்காவின் மூளைக்கு நான் கொடுத்த விலை நாளுக்கு ஒரு தே தாரேக் டீ, ஒரு பருப்பு வடை. அவள் பேரம் பேசவில்லை. அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. பேரம் பேசாதவர்கள் மனதுக்குள் வேறு கடை பார்த்து வைத்திருப்பார்கள்.

எண்பத்தெட்டில் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்த ஜவுளிக்காரன் நான், ஜக்கரியா. கங்கா, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பெண். கடைக் கடிதங்களைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் எட்டு மாதம் உட்கார்ந்து அதில் ஒரு விளையாட்டு எழுதினாள். இருட்டு ஆற்றில் சம்பான் படகு விட வேண்டும்; மின்மினி மொய்க்கும் மரங்களை வைத்துத் திசை பிடிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு படங்கள், எல்லாம் அவளே புள்ளி புள்ளியாக வரைந்தவை.

கோலாலம்பூர் கம்பெனி ஒன்று அவளை வரச் சொன்னது. விளையாட்டை அங்கே ஓட்டிக் காட்டினால் வேலை, தங்க வீடு. அவள் அப்பா ஐயாவு இறந்துபோனதால் தோட்டத்து லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அம்மா நல்லம்மாளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

நான் தடுக்கவில்லை. விளையாட்டையும் படங்களையும் ஒழுங்காக அடுக்கித் தருகிறேன் என்றேன், அவ்வளவுதான்.

என் வாப்பா சரக்கு அடுக்குவதில் ஒரு முறை வைத்திருந்தார். எந்தக் கைலி எந்தத் தட்டில் என்று அவருக்கு மட்டுமே தெரியும். அவர் இல்லாத நேரத்தில் கடையாள் கடைக்குள்ளேயே குருடன். நானும் அப்படித்தான் அடுக்கினேன். கங்காவின் விளையாட்டு, படங்களைத் தன் பக்கத்திலேயே தேடும். அவள் தட்டுவதைப் பார்த்துப் பழகியவன்தானே நான்; அப்படித் தேடச் சொல்லும் ஒரு வரியை மாற்றி, என் கம்ப்யூட்டருக்குள் நான் உண்டாக்கிய ஓர் இடத்தில் தேடச் சொன்னேன். கடையில் பிசகில்லாமல் ஓடியது. டிஸ்க்கில் ஐம்பத்திரண்டு படங்களும் கூடவே போயின. ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. வேறு கம்ப்யூட்டரில் போட்டால்தான், அங்கே இல்லாத என் இடத்தை அது தேடிக்கொண்டு நிற்கும். ஊரில் வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க அவளுக்கு வழியில்லை.

துணைக்கு நானே பஸ்ஸில் போனேன். கம்பெனிக்கார தேவதாஸ் கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யாரு எழுதுனது இது? எங்கயாச்சும் சுட்டுட்டு வந்தியாமா?”

கங்கா என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, கடையில ஓடுச்சுல்ல? சொல்லுங்கண்ணே.”

“ஓடுச்சுலா. அப்புறம் நீ எதையாச்சும் மாத்துனியாம்மா?”

அவள் யோசித்தாள். தேவதாஸ் அந்த யோசனையைப் பார்த்துவிட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்த வரியைப் பழையபடி திருத்தி, விளையாட்டை என் பெயரில் பினாங்கில் விற்றேன். அங்கே முதல் தட்டலிலேயே ஓடியது. நல்ல வேலைப்பாடு என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கங்காவும் நல்லம்மாளும் இப்போது என் கடையின் பின்னறையில் இருக்கிறார்கள். நல்லம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறாள். கங்கா துணி மடிக்கிறாள். கம்ப்யூட்டரில் எதையாவது தட்டச் சொன்னால், “வேணாண்ணே, என் கை பட்டா கெட்டுப் போயிரும்” என்கிறாள். நேற்று அதன் மேல் தூசி துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். அதற்குள் இருந்த படங்களை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டேன்.

நீங்களே கூட்டிப் பாருங்கள். அவள் தந்தது ஒரு விளையாட்டு. நான் தந்தது இரண்டு பேருக்குக் கூரை, மூன்று வேளைச் சோறு, வயசுப் பெண்ணுக்கு ஊரில் ஒரு மரியாதை. நிலுவை அவள் பக்கம்தான். நான்தான் கேட்பதில்லை.