மழை நாளில் திறக்காத அறை

வெள்ளியைத் துடைக்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் பழைய பதக்கம் ஏதாவது இருக்கலாம் என்பதால் சொல்கிறேன், ஐயா. நூறு, நூற்றைம்பது வருடம் காற்றுப் பட்டு அதன்மேல் படிகிற கருநீலம் அழுக்கு அல்ல. அது போனால் திரும்ப வராது.

என்னிடம் பதினெட்டுப் பதக்கங்கள் இருந்தன. எல்லாம் இன்று இல்லாத பேரரசுகள் கொடுத்தவை. அவற்றில் பெரியது எட்டு முனை நட்சத்திரம். பெற்றவர் இறந்தால் அதை அரண்மனைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதி. யாரோ ஒரு விதவை கொடுக்காமல் ஒளித்துவைத்தது, பதினொரு வருட அலைச்சலுக்குப் பிறகு என் கைக்கு வந்தது.

அவற்றுக்கென்றே வீட்டில் ஓர் அறை கட்டினேன். இரண்டு பேர் நிற்கலாம். ஜன்னல் கிடையாது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மழை நாளில் அதைத் திறப்பதில்லை. ஈரம் ஏறினால் வெள்ளி கெட்டுவிடும்.

என் மனைவியின் தம்பி நல்ல பையன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கைதான் சும்மா இருக்காது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற ரகம். மனைவி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த நேரம், என்னோடு தங்க வந்திருந்தான். அன்று நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அந்த அறைக்குள் பல்பொடியும் துணியுமாக நின்றிருந்தான்.

"அத்தான், இங்க வந்து பாருங்களேன். ஒரே கறுப்பா கிடந்துச்சு. இப்ப எப்படி மின்னுது!"

அந்த எட்டு முனை நட்சத்திரம் மின்னியது. எனக்கு அழுகை வந்தது. வேறு யாராவது என்றால் அடித்திருப்பார்கள். நான் இதுவரை யார்மீதும் கைநீட்டியதில்லை. வெளியே தூறல் தொடங்கியிருந்தது. கதவைச் சாத்தினேன்.

முதலில் சிரித்தான். பிறகு தட்டினான்.

"விளையாடாதீங்க அத்தான். தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிருங்க. மூச்சு முட்டுது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தேன். திறக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. உள்ளே அவன் மாட்டிக்கொண்டது போல வெளியே நான் மாட்டிக்கொண்டேன். இதை யாரும் யோசிப்பதில்லை. மேஜைமேல் அவன் போன் அடித்து ஓய்ந்தது. பிறகு என்னுடையது அடித்தது. மனைவிதான்.

"தம்பி எங்க? போனே எடுக்க மாட்டேங்கறான்."

"ஃப்ரெண்டைப் பாக்கப் போயிருக்கான். இங்கேயே வெச்சுட்டுப் போய்ட்டான்."

"அது என்னங்க தட்டுற சத்தம்?"

"மழை. ஜன்னல் அடிச்சுக்குது."

"சாத்தி வைங்க" என்றாள்.

மறுநாள் காலையில் சத்தம் இல்லை. மழை மட்டும் விடவில்லை. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் முதல் வேலையாகத் திறந்தேன். கதவடியில் சுருண்டு கிடந்தான். அவன் மூச்சின் ஈரம் பட்டு மற்ற பதினேழும் திட்டுத் திட்டாகக் கெட்டுப்போயிருந்தன.

ஆனாலும் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் தம்பியை நான் மன்னித்துவிட்டேன்.